பெரிய எல்ஈடிக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது வீட்டுக்கு ஒரு விளக்குச் செய்யத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். பிறகு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மைக் காவலுக்குப் பரணில் படுக்கிறவர்கள், இரவில் தோணியோடு வாவிக்கு இறங்குகிறவர்கள், அம்பாறைப் பக்கம் லேண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் ஓட்டுகிறவர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். யானை வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கிய நேரத்தில் விளக்கு அணைந்து போனால் என்ன நடக்கும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பற்றரி 12 வோல்ட், கடையில் தந்த 10 வாட் எல்ஈடியும் 12 வோல்ட் என்றுதான் சொன்னார்கள். நேரே கொடுத்தால் என்ன?

கொடுத்தால் எரியும், நல்ல வெளிச்சமாகவே எரியும், கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

அந்த மஞ்சள் சதுரத்துக்குள் ஒன்பது சின்னச் சிப் இருக்கிறது. மூன்று மூன்றாகத் தொடராகக் கோர்த்து, அந்த மூன்று வரிசையையும் பக்கம் பக்கமாக இணைத்திருப்பார்கள். ஒரு வெள்ளைச் சிப்புக்கு 3 வோல்ட்டும் கொஞ்சமும் வேண்டும், ஆகவே மொத்தத்துக்கு 9 முதல் 11 வோல்ட். அதற்குக் கீழே ஒன்றும் நடக்காது. அதைத் தாண்டி அரை வோல்ட் கூடினாலே ஓட்டம் மடமடவென்று ஏறும். பழைய இழை மின்குமிழ் அப்படி இல்லை, சூடாக ஆக அதன் தடை கூடித் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். எல்ஈடி நேர் எதிர்: சூடாகும்போது அதற்குத் தேவையான வோல்ட் குறைகிறது, ஒரு சிப்புக்கு ஒரு பாகைக்கு 2 முதல் 4 மில்லிவோல்ட் வரை. நீங்கள் கொடுக்கும் வோல்ட் மாறாமல் நிற்க அதன் தேவை மட்டும் இறங்கினால் ஓட்டம் கூடும், ஓட்டம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் ஓட்டம் இன்னும் கூடும். கடைசியில் மஞ்சளுக்குள் குண்டூசித் தலை அளவில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். எரிந்துபோன எல்ஈடியை வெயிலில் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

அதனால் எல்ஈடிக்கு வோல்ட்டைக் கொடுக்காதீர்கள், ஓட்டத்தைக் கொடுங்கள். எத்தனை மில்லிஅம்பியர் என்று மொடியூல் எனும் சின்ன மின்சுற்றுப் பலகையில் நாம் பூட்டி வைத்தால் தனக்கு வேண்டிய வோல்ட்டை அது தானே எடுத்துக்கொள்ளும்.

தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதாதா? மொடியூலுக்குச் செலவழிக்க வேண்டுமா?

சின்ன அடையாள விளக்குக்குப் போதும். பெரியதுக்குப் போதாது, கணக்குப் பார்த்தால் விளங்கும். 1 வாட் எல்ஈடி மூன்றைத் தொடராக வைத்தால் 9.6 வோல்ட் போகிறது, 12 வோல்ட்டில் மீதி 2.4. அதற்கு 350 மில்லிஅம்பியர் வேண்டுமென்றால் 6.9 ஓம் ரெசிஸ்டர். சரி, பற்றரி எப்போதும் 12-இல் நிற்குமா? சார்ஜில் இருக்கும்போது 14.4, மீதி 4.8, ஓட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. விடியப்புறம் 11.5-க்கு இறங்கினால் மீதி 1.9, ஓட்டம் 275. ஆக, பற்றரி நிரம்பியிருக்கும்போது எல்ஈடி வேகிறது, உங்களுக்கு வெளிச்சம் தேவைப்படும் நேரத்தில் மங்குகிறது. போதாக்குறைக்கு அந்த ரெசிஸ்டர் சும்மா சூடாகிப் பற்றரியையும் தின்கிறது.

எந்த மொடியூல் வாங்கவேண்டும்?

பற்றரி வோல்ட்டை விட எல்ஈடியின் வோல்ட் குறைவென்றால் இறக்கும் மொடியூல், கூடவென்றால் ஏற்றும் மொடியூல். 12 வோல்ட் பற்றரியும் 10 வாட் எல்ஈடியும் என்றால் இறக்கும் வகை.

கடைகளில் அதிகம் கிடைப்பவை இரண்டு. ஒன்று எல்.எம். 2596 சிப் போட்டது, 3 அம்பியர் என்று சொல்லுவார்கள். மற்றது எக்ஸ்.எல். 4015 போட்டது, 5 அம்பியர் என்று சொல்லுவார்கள், உள்ளே வரும் மின் 36 வோல்ட் வரை தாங்கும். அந்த அம்பியர் எல்லாம் சிப்பின் உச்ச அளவு. நமது சூட்டில், மூடிய பெட்டிக்குள், ஹீற்சிங்க் எனும் சூடு தணிக்கும் அலுமினியம் இல்லாமல் அதில் பாதியை நம்புங்கள். நான் எடுப்பது எக்ஸ்.எல். 4015.

வாங்கும்போது பார்க்க வேண்டியது சிப்பின் பெயரை விட நீலத் திருகு எத்தனை என்பதைத்தான். மேலே பித்தளைத் திருகாணி தெரிகிற சின்ன நீலப் பெட்டி ஒன்றே ஒன்று இருந்தால் அது வோல்ட்டை மட்டும் மாற்றும் மொடியூல், எல்ஈடிக்கு உதவாது. இரண்டு இருந்தால் ஒன்று வோல்ட்டுக்கு, மற்றது ஓட்டத்துக்கு. அதைத்தான் வாங்கவேண்டும். மூன்று இருந்தாலும் சரி, மூன்றாவது பற்றரி சார்ஜ் நிரம்பியதைக் காட்டும் விளக்குக்கு, அதைத் தொட வேண்டாம்.

இரண்டு திருகையும் எப்படி வைப்பது? எனக்கு இரண்டு எல்ஈடி போய்விட்டது.

ஓட்டத்தை வைக்காமல் எல்ஈடியைக் கொழுவியிருப்பீர்கள். மொடியூல் கடையிலிருந்து வரும்போது ஓட்டத் திருகு எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது, உச்சத்தில்கூட நிற்கலாம். ஆகவே எல்ஈடியைக் கிட்டவும் கொண்டுவராமல் தொடங்குங்கள்.

10 வாட் எல்ஈடிக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். ஓட்டத் திருகை இடப்பக்கமாக ஒரு 20, 25 சுற்றுச் சுற்றுகிறேன். இந்தத் திருகுகள் பல சுற்றுப் போகிறவை, முடிவில் முட்டி நிற்காது. மெல்லிய டிக் டிக் சத்தம் கேட்டால் கடைசிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். காதுக்குப் பக்கத்தில் வைத்துத் திருகுங்கள். பிறகு பற்றரியைக் கொடுத்து, மின் வெளியே போகும் அவுட் பக்கம் மல்டிமீற்றரை வோல்ட்டில் வைத்து, வோல்ட் திருகால் 11-க்குக் கொண்டுவருகிறேன். இடம் வலம் சில மொடியூலில் மாறி இருக்கும், சுற்றை எண்ணாமல் மீற்றரைப் பாருங்கள்.

அடுத்துத்தான் ஓட்டம். மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துவாரத்துக்கு மாற்றி, குமிழையும் 10 அம்பியருக்குத் திருப்பி, அவுட் பிளஸ்ஸுக்கும் அவுட் மைனஸுக்கும் நேரே வையுங்கள். ஷோர்ட் ஆகிவிடுமே என்று கை பின்வாங்கும். ஆகும்தான், ஆனால் ஓட்டத்தைக் கட்டுவதுதானே இந்த மொடியூலின் வேலை, நீங்கள் பூட்டிய அளவுக்கு மேல் அது விடாது. இப்போது ஓட்டத் திருகை மெல்ல வலப்பக்கம் கொண்டுவாருங்கள், 0.65 அம்பியர், அதாவது 650 மில்லிஅம்பியர், காட்டும்வரை. ஒரு தடவைக்குச் சில செக்கன் மட்டும் வைத்து எடுங்கள்.

பற்றரியைக் கழற்றுங்கள். எல்ஈடியை ஹீற்சிங்கோடு பூட்டிய பிறகு அவுட்டில் கொழுவி, கடைசியாகப் பற்றரியைக் கொடுங்கள். அவுட் பக்கத்துக் கப்பாசிட்டர் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது எல்ஈடியைக் கொழுவினால், ஓட்டத்தைப் பூட்டியிருந்தாலும் அதில் சேர்ந்திருப்பது ஒரே அடியாக எல்ஈடிக்குள் பாயும். வோல்ட்டை 11-இல் வைக்கச் சொன்னதும் அதற்குத்தான், தேவைக்குச் சற்று மேலே இருந்தால் பாய்வதற்கு அதிகம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. அளந்து முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துவாரத்துக்குத் திருப்பி மாற்றாமல் பற்றரியின் வோல்ட்டைப் பார்க்கப் போகாதீர்கள். நான் போனேன். மீற்றர் வயரின் முனை உருகிப் பற்றரி முனையிலேயே ஒட்டிக்கொண்டது, விரலில் கொப்புளம்.

900 மில்லிஅம்பியர் தாங்கும் எல்ஈடிக்கு ஏன் 650?

வெளிச்சம் அந்த அளவுக்குக் குறையாது என்பதால்தான். ஓட்டத்தைக் குறைக்கும்போது ஒரு வாட்டுக்கு எல்ஈடி தரும் வெளிச்சம் கூடுகிறது, அதோடு நமது கண்ணும் கால்வாசிக் குறைவை இலேசில் பிடிக்காது. பரணில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், எது 650 எது 900 என்று கேட்டதற்கு வயல் சொந்தக்காரரான ஒரு போடியார் மாற்றிச் சொன்னார். ஆனால் சூடு நன்றாகக் குறையும். பற்றரிக்கும் நல்லது: 12 வோல்ட் 7 அம்பியர்மணிப் பற்றரியில் 84 வாட்மணி இருக்கிறது, ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போகும், ஆகவே கையில் 42. முழு ஓட்டத்தில் மொடியூலின் இழப்பும் சேர்த்து 10 வாட் போகும், நான்கு மணித்தியாலம். 650-இல் 7 வாட், ஆறு மணித்தியாலம். காவலுக்கு அந்த இரண்டு மணித்தியாலம் பெரிது.

இன்னொன்று, இறக்கும் மொடியூலுக்கு உள்ளே வருவது வெளியே போவதை விட ஒன்றிரண்டு வோல்ட் கூடுதலாக இருக்கவேண்டும். 650-இல் எல்ஈடி கேட்பது 9.5 வோல்ட் அளவுதான், பற்றரி 11.5-க்கு வந்தாலும் ஓட்டம் குறையாது.

மோட்டார்சைக்கிளில் பூட்டினேன். மேசையில் சரியாக எரிந்தது, வண்டியில் பூட்டியதும் போய்விட்டது. ஏன்?

மைனஸை வண்டியின் இரும்புச் சட்டத்தில் கொடுத்தீர்களா? பெரும்பாலும் அதுதான். இந்த மொடியூல்களில் இன் மைனஸுக்கும் அவுட் மைனஸுக்கும் நடுவில் ஒரு சின்னத் தடை இருக்கிறது, அதைத் தாண்டிப் போகும் ஓட்டத்தை வைத்துத்தான் எவ்வளவு போகிறது என்று மொடியூல் அறிகிறது. வண்டியில் பற்றரியின் மைனஸ் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. நீங்கள் எல்ஈடியின் மைனஸையும் சட்டத்தில் கொடுத்தால் ஓட்டம் அந்தத் தடையைச் சுற்றிப் போய்விடும். மொடியூலைப் பொறுத்தவரை ஒன்றுமே போகவில்லை, அதனால் திறந்துவிடும். எல்ஈடிக்கு இரண்டு வயரையும் மொடியூலிலிருந்தே கொண்டுபோங்கள், நடுவில் எங்கேயும் இரும்பில் படக்கூடாது.

சோலர் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். மலிவான சோலர் கொன்ட்ரோலர் பலவற்றில் பிளஸ்தான் எல்லாவற்றுக்கும் பொது, விளக்கை அணைப்பது மைனஸில். அங்கே மைனஸ்களை ஒன்றாக முறுக்கினால் கொன்ட்ரோலரும் ஏமாறும், மொடியூலும் ஏமாறும்.

பிளஸ் மைனஸ் மாறிக் கொடுத்துவிட்டேன்.

போய்விட்டது, வேறு வாங்குங்கள். இவற்றின் இன் பக்கத்தில் அதற்குப் பாதுகாப்புக் கிடையாது. அடுத்த தடவை பற்றரிக்குப் பக்கத்திலேயே 2 அம்பியர் பியூஸ் ஒன்றும், பிளஸ் வயரில் ஒரு பக்கம் மட்டும் மின்னை விடும் டயோட் ஒன்றும் போடுங்கள். டயோட்டில் அரை வோல்ட் போகும், போகட்டும். இருட்டில் தடவித் தடவிக் கொழுவுகிற இடத்தில் இது கட்டாயம்.

லேண்ட்மாஸ்டரின் விளக்கு வயரில் கொடுக்கலாமா?

நேரே கொடுக்கவே கூடாது. பற்றரி இல்லாமல் ஓடுகிற பல லேண்ட்மாஸ்டர்களில் விளக்குக்கு வருவது டைனமோவின் மாறுதிசை மின், எஞ்சினை முறுக்க முறுக்க வோல்ட்டும் கூடும். மொடியூலுக்கு ஒருதிசை மின்தான் வேண்டும். நடுவில் பிரிட்ஜ் ரெக்டிபயர் ஒன்றும் 50 வோல்ட் தாங்கும் பெரிய கப்பாசிட்டர் ஒன்றும் போட்டு, மொடியூலைக் கொழுவாமலே முழு வேகத்தில் முறுக்கிக் கப்பாசிட்டரில் வோல்ட்டை அளந்து பாருங்கள். 30-க்குக் கீழே நின்றால் கொடுக்கலாம். 36-ஐத் தாண்டினால் எக்ஸ்.எல். 4015 போய்விடலாம்.

ஹீற்சிங்க் கட்டாயமா? எவ்வளவு பெரிது?

கட்டாயம். எல்ஈடிக்குள் போகும் மின்னில் பாதிக்கு மேல் சூடாகத்தான் வெளியே வருகிறது. பார்ப்பதற்காக ஒரு நிமிடம் என்றுகூட வெறுமனே எரிக்காதீர்கள். கணினி திருத்தும் கடையில் ஒதுக்கிப் போட்ட புரொசசர் ஹீற்சிங்க் ஒன்று கிடைத்தால் 10 வாட்டுக்கு அது தாராளம், விசிறி வேண்டாம். இல்லையென்றால் அலுமினியப் பொருத்து வேலை செய்யும் இடத்தில் மிஞ்சிய துண்டு. எல்ஈடிக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் வெப்பப் பசையை மெல்லிசாகப் பூசுங்கள், தடித்தால் சூட்டைத் தடுக்கும். நான்கு மூலைத் திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்மூலை மாற்றி இறுக்கவேண்டும், ஒரு மூலையை மட்டும் முறுக்கினால் எல்ஈடி வளைந்து நடுவில் காற்று நின்றுவிடும். அரை மணித்தியாலம் எரிந்த பிறகு எல்ஈடிக்குப் பக்கத்து அலுமினியத்தில் விரலை வையுங்கள், ஐந்து செக்கன் வைத்திருக்க முடியவில்லை என்றால் அலுமினியம் போதாது, அல்லது ஓட்டத்தைக் குறையுங்கள்.

கல்லடியில் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆறு மாதத்தில் மொடியூல் பச்சை பிடித்துவிட்டது.

உப்புக் காற்று. முதலில் திருகை வைத்து, ஒரு இரவு முழுக்க எரித்துப் பார்த்து, அளவு மாறவில்லை என்று தெரிந்த பிறகு, திருகாணித் தலையில் ஒரு சொட்டு நெயில் பொலிஷ் விடுங்கள். தோணியின் அதிர்விலும் அசையாது, உள்ளேயும் ஈரம் போகாது. பின்பக்கம் முழுவதும் நிறமில்லா வார்னிஷ் இரண்டு பூச்சு. வயரை நட்டில் இறுக்குவதை விட ஈயம் வைத்துப் பற்றவைப்பது நல்லது, நட்டுக்குள்தான் பச்சை தொடங்கும். பெட்டியை எல்லாப் பக்கமும் அடைத்துவிடாதீர்கள். பகல் சூட்டில் விரிந்த காற்று இரவில் குளிரும்போது ஈரத்தை உள்ளே இழுக்கும், அடியில் ஒரு சின்னத் துளை விட்டால் அது வடியும்.

யானைக் காவலுக்கு 100 வாட் எல்ஈடி போட ஆசை.

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்கு 30 முதல் 36 வோல்ட் வேண்டும், ஏற்றும் மொடியூல்தான் சரிவரும், முழுதாக எரித்தால் 12 வோல்ட் பற்றரியிலிருந்து 10 அம்பியர் வரை இழுக்கும். 7 அம்பியர்மணிப் பற்றரி அரை மணித்தியாலம்கூட ஒழுங்காக நிற்காது. ஏற்றும் மொடியூலில் இன்னொரு சிக்கல், எல்ஈடி பக்கம் ஷோர்ட் ஆனால் அதால் ஓட்டத்தைக் கட்ட முடியாது, பற்றரியிலிருந்து அதன் கம்பிச் சுருள் வழியாக நேரே பாயும். அதனால் மீற்றரை அவுட்டில் ஷோர்ட்டாக வைத்து அளக்கும் மேலே சொன்ன முறையை அதில் செய்யவே வேண்டாம்.

ஒரே இடத்தைப் பார்க்கிற 100 வாட்டை விட, 10 வாட் மூன்று, ஒவ்வொன்றுக்கும் தனி மொடியூல், லென்ஸோடு வட்டையின் மூன்று பக்கத்துக்கும் திருப்பி வைத்தால் பரணில் இருந்தபடியே எல்லாம் தெரியும். ஒன்று பழுதானாலும் இரண்டு எரியும். ஒரே மொடியூலில் மூன்றையும் பக்கம் பக்கமாக இணைக்காதீர்கள், வோல்ட் சற்றுக் குறைந்தது எதுவோ அது ஓட்டத்தை அதிகமாக இழுத்து முதலில் போகும்.

நிறம் கேட்பவர்களுக்கு: நீலம் கலந்த வெள்ளையை விட மஞ்சள் கலந்த வெள்ளை நல்லது. பூச்சி குறைவாக வரும். பெரும்போகத்தில் பரணில் விளக்கை ஏற்றிவிட்டுச் சோறு சாப்பிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வழி உண்டா?

ஓட்டத் திருகால்தான். அதைக் கழற்றி வெளியே நீள வயரில் குமிழ் போடுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் விருப்பமில்லை. குமிழின் நடுக்கால் கழன்றால் ஓட்டம் உச்சத்துக்குப் போகலாம். இரண்டு அளவு வேண்டுமென்றால் 300-க்கு ஒரு மொடியூலும் எல்ஈடியும், 650-க்கு இன்னொன்று. இரண்டு சுவிட்ச், வேலை முடிந்தது.

விளக்குப் போட்டால் ரேடியோ இரைகிறது.

மொடியூல் செக்கனுக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தடவை திறந்து மூடுகிறது, நீள வயர்தான் அதற்கு ஏரியல். பிளஸ் மைனஸ் வயரை ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள், மொடியூலை எல்ஈடிக்குப் பக்கத்தில் வையுங்கள், ரேடியோவைத் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் அடங்கும்.

ஒன்பது சிப்பில் மூன்று எரியவில்லை, மற்ற ஆறும் எரிகின்றன. எறியவா?

எறியாதீர்கள். ஒரு வரிசை அறுந்திருக்கிறது. ஆனால் அப்படியே எரிக்கவும் வேண்டாம், மொடியூல் அதே 650-ஐத்தான் தள்ளும், முன்பு மூன்று வரிசை பகிர்ந்ததை இப்போது இரண்டு சுமக்கின்றன, ஒன்றுக்கு 217 ஆக இருந்தது 325 ஆகிவிடும். நெயில் பொலிஷைச் சுரண்டி, எல்ஈடியைக் கழற்றி, மீற்றரை வைத்து 430-க்கு இறக்குங்கள். பரணுக்குப் போதாது, குசினிக்குப் போதும்.